காணாக்கடிக்குத் தைராய்டு டெஸ்ட் எதற்கு?

வைணவ ஆசாரியர் கூரத்தாழ்வான் பிறந்த கூரத்திலும் அதைச் சுற்றியுள்ள காஞ்சிபுரத்துக் கிராமங்களிலும் உடம்பில் திடீரென்று செந்தடிப்பு கிளம்பி அரித்தால் அதைக் காணாக்கடி என்பார்கள். முதல் நாள் வேப்பிலையால் வருடிவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். மறுநாளும் வந்தால் கத்தரிக்காயும் கருவாடும் கரப்பான் பண்டமென்று சமையலறையை விட்டு வெளியேறும். வாரக்கணக்கில் நீண்டால், தறி இருக்கும் வீட்டில் பட்டு நூலின் சாயத்தின்மேல் சந்தேகம் விழும். தறி இல்லாத வீட்டில் பித்தம் ஏறிவிட்டது, ரத்தம் கெட்டுவிட்டது என்று பேச்சு நடக்கும். கடைசியில் காஞ்சிபுரத்திலோ வேலூரிலோ சென்னையிலோ ஒரு தோல் மருத்துவரைப் பார்த்தால், அவர் எழுதித் தரும் சீட்டில் தைராய்டு டெஸ்ட் இருக்கும். தோலில் வரும் அரிப்புக்குக் கழுத்தில் இருக்கும் சுரப்பியை ஏன் சோதிக்க வேண்டும்? லேபுக்கு வருமானம் சேர்க்கவா? கேள்வி நியாயமானது. இரண்டுக்கும் உறவு இருக்கிறது என்பதற்கு வலுவான சான்றுகள் உண்டு. ஆனால் தைராய்டுதான் அரிப்பை உண்டாக்குகிறது என்று சொல்லிவிட அந்தச் சான்றுகள் போதாது. இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் தேவையான சோதனையைத் தட்டிக்கழிக்கவும் மாட்டோம், தேவையில்லாத மாத்திரையை விழுங்கவும் மாட்டோம்.

முதலில் எந்தக் காணாக்கடியைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். இறால் சாப்பிட்ட சில நிமிடங்களிலோ இரண்டு மணி நேரத்துக்குள்ளோ உடம்பெல்லாம் தடித்து, ஓரிரு நாளில் அடங்கிவிடுவது ஒரு வகை. அங்கே உணவைச் சந்தேகிப்பது சரியே. ஆறு வாரங்களைத் தாண்டியும், பெரும்பாலான நாட்களில், சொல்லாமல் கொள்ளாமல் வந்து போவது இன்னொரு வகை. இதைத்தான் மருத்துவர்கள் நாள்பட்ட அர்ட்டிகேரியா என்கிறார்கள். இதில் ஒவ்வொரு தடிப்பும் 24 மணி நேரத்துக்குள் தடம் தெரியாமல் மறையும், அதற்குள் வேறோர் இடத்தில் புதிதாக ஒன்று எழும். சிலருக்கு உதடும் இமையும் வீங்கும். உலக அளவில் மக்களில் ஏறத்தாழ 1 சதவீதத்தினரை இது பீடிக்கிறது, ஆண்களைவிடப் பெண்களுக்கு இரு மடங்கு வருகிறது. சாயத்தால் வரும் ஒவ்வாமை பெரும்பாலும் இப்படி இருக்காது. சாயம் பட்ட கையில் தோல் சிவந்து, செதிலாகி, நாட்கணக்கில் அங்கேயே நிற்கும், கரப்பான் படை போலத் தெரியும். குழித்தறியில் நெடுநேரம் உட்கார்ந்தவருக்கு அழுத்தம் பட்ட இடத்தில் சில மணி நேரம் கழித்துத் தடிப்பு வருவதுண்டு. அழுத்தம், குளிர், வியர்வை, தோலில் கீறுதல் போன்ற தூண்டுதலால் வருபவை தனி வகை. வெளிக்காரணம் எதுவும் பிடிபடாமல் தானாகவே வருவதுதான் தைராய்டோடு சேர்த்துப் பேசப்படும் வகை. அது தினந்தோறும் வரும்போது எந்த ஒரு காய்கறியும் மீனும் அதற்குப் பொறுப்பாக முடியாது. மாதக்கணக்கில் பத்தியம் இருந்தும் தடிப்பு நிற்காதவர்களுக்கு இது சொல்லாமலே தெரிந்திருக்கும்.

வெளியே காரணம் இல்லையென்றால் உள்ளேதான் தேட வேண்டும். தோலுக்குள் மாஸ்ட் செல்கள் இருக்கின்றன. 1878-இல் ஜெர்மானிய விஞ்ஞானி பால் எர்லிக் இவற்றுக்குப் பெயரிட்டார். இவற்றின் வயிற்றில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சிறு சிறு துகள்களாக நிரம்பியிருக்கும். அது வெளியே கொட்டும்போது நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசிந்து தோல் தடிக்கிறது, நரம்பு முனைகள் தூண்டப்பட்டு அரிக்கிறது. இறால் ஒவ்வாமையில் இந்தச் செல்லைத் தட்டி எழுப்புவது வெளியிலிருந்து வந்த புரதம். நாள்பட்ட காணாக்கடியில் எழுப்புவது யார்? 1980-களில் பிரிட்டனில் கிளைவ் கிராட்டன் என்ற மருத்துவரும் குழுவினரும் நோயாளியின் ரத்தத்திலிருந்தே சீரத்தைப் பிரித்து அவர் தோலுக்குள் சிறிதளவு செலுத்திப் பார்த்தார்கள். பலருக்கு அந்த இடத்திலேயே தடிப்பு எழுந்தது. 1993-இல் ஜப்பானிய மருத்துவர் மிச்சிஹிரோ ஹிடேயும் லண்டன் குழுவினரும் அதற்கான காரணங்களில் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். சில நோயாளிகளின் உடல், தன் மாஸ்ட் செல்களின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளுக்கு எதிராகத் தானே ஆன்டிபாடிகளைத் தயாரித்துக்கொண்டிருந்தது. கிருமிகளோடு போரிட வேண்டிய நோய் எதிர்ப்பு அமைப்பு சொந்த உடம்பையே எதிரியாக எடுத்துக்கொண்டதன் விளைவுதான் பலருக்கு வரும் நாள்பட்ட அரிப்பு.

தைராய்டின் கதையும் இதே திசையில்தான் போகிறது. 1912-இல் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர், வீங்கிய தைராய்டு சுரப்பிகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது அவற்றுக்குள் வெள்ளணுக்கள் கூட்டமாகக் குடியேறியிருப்பதைக் கண்டு எழுதினார். ஏன் என்பது அப்போது தெரியவில்லை. 1956-இல் லண்டனில் ஐவன் ராய்ட், டெபோரா டோனியாக் ஆகியோரின் குழு, அந்த நோயாளிகளின் ரத்தத்தில் அவர்களுடைய தைராய்டுக்கே எதிரான ஆன்டிபாடிகள் இருப்பதைக் காட்டியது. தைராய்டு ஹார்மோனைத் தயாரிக்க உதவும் பெராக்சிடேஸ் என்ற நொதிதான் இவற்றின் முக்கிய இலக்குகளில் ஒன்று. லேப் ரிப்போர்ட்டில் ஆன்டி-டிபிஓ என்று வருவது இந்த நொதிக்கு எதிரான ஆன்டிபாடியின் அளவுதான். இது பெண்களிடம் மிகுதி. இது இருப்பவர்களில் பலருக்குச் சுரப்பி ஒழுங்காகவே வேலை செய்யும், சிலருக்கு ஆண்டுகள் செல்லச் செல்ல ஹார்மோன் குறையும். இப்படி, உடம்பு தன்னையே தாக்கும் இரண்டு நோய்கள், இரண்டும் பெண்களை அதிகம் தேடி வருபவை, ஒரே ஆளிடம் வழக்கத்தைவிட அதிகமாகச் சேர்ந்து வருகின்றனவா என்பது அடுத்த கேள்வியானது.

1983-இல் கனடாவைச் சேர்ந்த லெஸ்னாஃப் குழுவினர் இதை எண்ணிப் பார்த்தார்கள். நாள்பட்ட காணாக்கடி உள்ள 140 பேரில் 17 பேரிடம், அதாவது 12 சதவீதத்தினரிடம், தைராய்டைத் தாக்கும் போக்கு இருந்தது. ஒப்பிடுவதற்காக எடுத்துக்கொண்ட மற்றவர்களிடம் இது 6 சதவீதத்துக்கும் குறைவு. 1989-இல் அதே மருத்துவர் 624 நோயாளிகளைப் பார்த்தபோது 90 பேரிடம் அதே போக்கு தென்பட்டது. அதன் பிறகு பல நாடுகளில் இது திரும்பத் திரும்ப உறுதிப்பட்டது. மிகப் பெரிய கணக்கு 2012-இல் இஸ்ரேலிலிருந்து வந்தது. அங்குள்ள ஒரு சுகாதாரக் காப்பீட்டு நிறுவனத்தின் 17 ஆண்டுப் பதிவுகளில் நாள்பட்ட காணாக்கடி உள்ள 12,778 பேரையும், அது இல்லாத பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். நோயாளிகளில் 9.8 சதவீதத்தினருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு இருந்தது, மற்றவர்களில் 0.6 சதவீதத்தினருக்கு மட்டுமே. முடக்குவாதம், முதல் வகைச் சர்க்கரை நோய் போன்ற பிற தன்தாக்கு நோய்களும் காணாக்கடி உள்ள பெண்களிடம் கூடுதலாக இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை காணாக்கடி கண்டறியப்பட்டதற்குப் பிந்தைய பத்து ஆண்டுகளில் வெளிப்பட்டவை. அரிப்பு முன்னால் வந்து, மற்றது பின்னால் வந்திருக்கிறது. தைராய்டு டெஸ்ட் எழுதும் மருத்துவரின் மனத்தில் இருப்பது இந்த வரிசைதான்.

இதை மறுப்பவர்களிடம் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. தைராய்டு கோளாறு நம் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறது, அரிப்பும் தெருவுக்குத் தெரு இருக்கிறது, இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் அதில் என்ன வியப்பு என்பது அந்த வாதம். இந்தியாவைப் பொறுத்தவரை இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்து 2013-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 11 சதவீதத்தினருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு இருந்தது. ஆன்டி-டிபிஓ ஏறத்தாழ 22 சதவீதத்தினரிடம் இருந்தது. ஐந்து பேரில் ஒருவரிடம் எப்படியும் இருக்கக்கூடிய ஒன்று காணாக்கடி உள்ள ஒருவரிடமும் இருந்தால், அவருடைய அரிப்புக்கும் அதற்கும் தொடர்பு உண்டென்று அந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. கனடாவில் ஒப்பீட்டுக் குழுவில் நூற்றுக்கு ஆறு பேர்கூடத் தேறாத இடத்தில் நம் நகரங்களில் இருபத்திரண்டு பேர் தேறுகிறார்கள் என்றால், அதே பாசிட்டிவ் முடிவு இங்கே சொல்லும் செய்தியின் எடை குறைவு. அரிப்புக்காக அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்குச் சோதனைகளும் அதிகம் நடக்கும், அதனால் மற்ற நோய்களும் அதிகம் பிடிபடும் என்ற இன்னொரு மறுப்பும் இஸ்ரேல் கணக்குக்குப் பொருந்தும்.

ஆனால் இந்த வாதங்கள் தனி ஒருவரின் ரிப்போர்ட்டை எப்படி வாசிப்பது என்பதைத்தான் மாற்றுகின்றன. உறவையே பொய்யாக்கிவிடவில்லை. நோயாளிகளையும் நோயில்லாதவர்களையும் ஒரே சோதனைக்கு உட்படுத்திய ஆய்வுகளில் அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போனதால் கண்டுபிடித்தோம் என்ற சாக்குக்கு இடமில்லை. அவற்றிலும் வேறுபாடு தெரிகிறது. அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, பெரும்பாலான ஆய்வுகளில் காணாக்கடி நோயாளிகளில் பத்தில் ஒருவருக்கோ அதற்கு மேலோ தைராய்டு ஆன்டிபாடி கூடியிருந்ததையும், மிகைச் சுரப்பைவிடக் குறைச் சுரப்பே இவர்களிடம் அதிகம் இருந்ததையும் எடுத்துக்காட்டியது. கூட்டத்தைப் பார்க்கும்போது உறவு தெரிகிறது, ஒருவரை மட்டும் பார்க்கும்போது அது ஒரு குறிப்பு மட்டுமே.

அந்த உறவு எப்படிப்பட்டது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் இருக்கின்றன. ஏரிகள் மாவட்டம் என்று பேர் பெற்ற காஞ்சிபுரத்தில் இதைப் புரியவைப்பது எளிது. பக்கத்துப் பக்கத்து ஏரிகள் இரண்டு ஒரே நாளில் நிரம்பியிருந்தால், மேலேரி நிரம்பிக் கலங்கல் வழியே கீழேரிக்குத் தண்ணீர் பாய்ந்திருக்கலாம், அல்லது ஒரே மழை இரண்டையும் நிரப்பியிருக்கலாம். கலங்கல் வழி என்று சொல்பவர்களுக்கு 2011-இல் பெர்லினிலிருந்து ஓர் ஆதாரம் கிடைத்தது. 478 நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம், ஒவ்வாமையை உண்டாக்கும் ஐஜிஇ வகை ஆன்டிபாடியே தைராய்டு பெராக்சிடேஸுக்கு எதிராக இருந்தது. இறாலுக்கு ஒவ்வாமை வருவதுபோல் சொந்தத் தைராய்டுப் புரதத்துக்கே சிலருக்கு ஒவ்வாமை வரலாம் என்பது இதன் பொருள். அந்த நொதியைக் கொண்டு தோலில் சோதித்தபோது சில நோயாளிகளுக்குத் தடிப்பு எழுந்ததைப் பின்னர் கொலம்பிய ஆய்வாளர்களும் காட்டினார்கள். ஒரே மழை என்பவர்களின் விளக்கமும் வலுவானது. ஹிடே கண்டறிந்த வகையில், மாஸ்ட் செல்லை நேரடியாகத் தாக்கும் ஆன்டிபாடி உள்ளவர்களிடம் தைராய்டு ஆன்டிபாடி மிகுந்தும், ரத்தத்தில் மொத்த ஐஜிஇ குறைந்தும் காணப்படுகின்றன. கட்டுப்பாடு இழந்த ஒரே நோய் எதிர்ப்பு அமைப்பு தோலையும் கழுத்தையும் தனித்தனியே தாக்குகிறது என்றால் இது எளிதாகப் பொருந்துகிறது. ஒரு நோயாளிக்கு முதல் வழியும் மற்றொருவருக்கு இரண்டாவது வழியும் உண்மையாக இருக்கலாம். ஒரே மழை என்றால் ஒரு ஏரியை வடித்துவிட்டு மற்றது வற்றும் என்று காத்திருப்பதில் பயனில்லை. சிகிச்சையைப் பற்றிய கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

உறவு இருக்கிறதென்றால் தைராய்டு மாத்திரை கொடுத்தால் அரிப்பு போய்விடாதா? இந்த நம்பிக்கைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1995-இல் அமெரிக்காவில், தைராய்டு ஆன்டிபாடி உள்ள பத்து நோயாளிகளுக்கு லெவோதைராக்சின் கொடுத்துப் பார்த்தபோது ஏழு பேருக்குக் காணாக்கடி அடங்கியதாக ஓர் அறிக்கை வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே மாத்திரை தராமல் விட்டு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு இல்லை. நாள்பட்ட காணாக்கடி தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். பெரும்பாலோருக்கு ஒன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் தானாகவே விடைபெறவும் செய்யும். அப்படிப்பட்ட நோயில், அது உச்சத்தில் இருக்கும்போது எதைக் கொடுத்தாலும் அடுத்து வரும் இறக்கம் அந்த மருந்தின் கணக்கில்தான் சேரும். கத்தரிக்காயை நிறுத்தியதால் குணமானது என்று சொல்பவருக்கும் நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான். பின்னர் வந்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை, 2017-இன் மதிப்பாய்வும் இந்தச் சிகிச்சைக்கான சான்று பலவீனம் என்றே சொன்னது. தேவையில்லாமல் எடுக்கும் தைராக்சின் தீங்கற்ற மாத்திரையும் இல்லை. அளவு மிஞ்சினால் நெஞ்சு படபடக்கும், இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயும். தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் கூடி, சுரப்புக் குறைவு உறுதியானால் மாத்திரை அவசியம். அது தைராய்டுக்காகத் தரப்படுவது. சுரப்பி ஒழுங்காக வேலை செய்யும்போது ஆன்டிபாடி பாசிட்டிவ் என்பதற்காக மட்டும், அரிப்பைக் காரணம் காட்டி அதைத் தொடங்குவது சரியில்லை.

அப்படியானால் சோதனையே எதற்கு என்பது கடைசி மறுப்பு. மூன்று பயன்கள் இருக்கின்றன. முதலாவது, மறைந்திருக்கும் தைராய்டு சுரப்புக் குறைவு வெளியே வரும். எட்டு நகர ஆய்வில் சுரப்புக் குறைவு இருந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது அதுவரை தெரியவே தெரியாது. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்ணுக்கு இது மிக முக்கியம், ஏனென்றால் தாயின் தைராய்டு குறைவு கருவின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். இரண்டாவது, ஆன்டிபாடி இருந்தும் சுரப்பு சரியாக இருப்பவர் எதிர்காலத்தில் அவ்வப்போது டிஎஸ்எச் பார்த்துக்கொள்ள வேண்டியவர் என்று தெரியும். மூன்றாவது, காணாக்கடியே எந்த வகை என்பதற்குத் துப்பு கிடைக்கும். 2022-இல் வெளியான சர்வதேச வழிகாட்டி, சிறப்பு மருத்துவர்களிடம் வரும் நோயாளிகளுக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை, அழற்சிக்கான சோதனை ஆகியவற்றோடு மொத்த ஐஜிஇ அளவையும் ஆன்டி-டிபிஓவையும் பார்க்கச் சொல்கிறது. ஆன்டி-டிபிஓ மிகுந்து ஐஜிஇ குறைந்திருந்தால் நோய் சற்று முரண்டு பிடிக்கக்கூடும், மாத்திரைக்கு அடங்காதபோது போடும் ஒமாலிசுமாப் ஊசி தாமதமாகவோ குறைவாகவோ வேலை செய்யக்கூடும் என்று மருத்துவர் முன்கூட்டியே கணக்கிடலாம். ஒரு முறை பார்த்தால் போதும். ஆன்டிபாடி ஏறியதா இறங்கியதா என்று மாதாமாதம் பார்ப்பதால் சிகிச்சையில் எதுவும் மாறப்போவதில்லை, அந்தச் செலவு வீண். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் அதை லேபில் முன்னரே சொல்லிவிட வேண்டும், சில தைராய்டு சோதனைகளின் முடிவை அது தப்பாகக் காட்டும்.

உண்மையான சிகிச்சை தைராய்டைச் சுற்றி வராமல் ஹிஸ்டமினைச் சுற்றி வருகிறது. தூக்கம் அதிகம் வரவழைக்காத ஆன்டிஹிஸ்டமின்களை, அதாவது லெவோசிட்ரிசின், ஃபெக்சோபெனடின், பிலாஸ்டின் போன்றவற்றை, அரிக்கும்போது மட்டும் போடாமல் தினமும் ஒழுங்காகப் போடுவதே முதல் படி. அது போதாவிட்டால் மருத்துவர் மேற்பார்வையில் அளவை நான்கு மடங்குவரை கூட்டலாம். அதற்கும் அடங்காவிட்டால் நான்கு வாரத்துக்கு ஒரு முறை போடும் ஒமாலிசுமாப், அதற்குப் பிறகு சைக்ளோஸ்போரின். தைராய்டு ஆன்டிபாடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொடக்கம் இதுவே. கடையில் கேட்டு வாங்கும் அவில் மாத்திரை கண்ணைச் சொக்க வைக்கும். தறியில் உட்கார்பவருக்கும் வண்டி ஓட்டுபவருக்கும் அது ஆபத்து. ஸ்டீராய்டு மாத்திரை அன்றைக்கு அற்புதம் செய்யும், மாதக்கணக்கில் நீண்டால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு தேயும். இடுப்பு வலிக்காகப் போடும் ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் சிலருக்குக் காணாக்கடியைத் தூண்டிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தடிப்பு ஒரே இடத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் நின்று, வலித்து, கன்றிய தழும்பை விட்டுச் சென்றால் அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். நாக்கு வீங்கி மூச்சு முட்டினால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அயோடின் உப்பை நிறுத்தினால் என்ன என்று யோசிப்பவர்களும் இருப்பார்கள். உப்பில் அயோடின் கலக்கத் தொடங்கிய பின் சில நாடுகளில் தைராய்டு ஆன்டிபாடிகள் கூடியது உண்மை. இலங்கைப் பள்ளி மாணவிகளிடம் அவை மிகுந்திருந்ததைப் பற்றி 2000-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையே வந்தது. ஆனால் அயோடின் குறைவால் குழந்தைகளின் அறிவு வளர்ச்சிக்கு நேரும் கேடு இதைவிடப் பல மடங்கு பெரிது. உப்பை நிறுத்தினால் காணாக்கடி நிற்கும் என்பதற்குச் சான்றும் இல்லை. கரப்பான் பண்டப் பட்டியலில் கத்தரிக்காயும் கருவாடும் இருந்த இடத்தில் இப்போது உப்பையும் தைராய்டையும் வைத்தால் பழைய தவறு புதுப் பெயரில் தொடரும், அவ்வளவுதான். எல்லா அரிப்புக்கும் வெளியே ஒரு குற்றவாளி இருந்தே தீர வேண்டும் என்ற எண்ணம்தான் அந்தத் தவறின் வேர்.

ஆகவே தைராய்டு டெஸ்ட் எழுதித் தரும் மருத்துவரிடம் சந்தேகப்பட வேண்டியதில்லை, கேள்வி கேட்கலாம். என் டிஎஸ்எச் எவ்வளவு? ஆன்டி-டிபிஓ இருந்தால் அதை இனி எப்போது, எதற்காகக் கவனிக்க வேண்டும்? எழுதியிருக்கும் தைராய்டு மாத்திரை என் சுரப்பிக்கா, அரிப்புக்கா? மூன்றாவது கேள்விக்கு ‘சுரப்பிக்கு’ என்று பதில் வந்து, டிஎஸ்எச் அளவும் அதற்குத் துணை நின்றால் மாத்திரையைத் தயங்காமல் எடுக்கலாம். ‘அரிப்புக்கு’ என்று வந்தால் இன்னொரு மருத்துவரிடமும் கேட்டுவிட்டுத் தொடங்குவதே நல்லது.